பட்டணம் பார்த்த கொங்குக்காரர்கள்

கொங்கு நாட்டின் எல்லையைச் சொல்ல வந்த பழம்பாடல் கிழக்கே குளித்தலையில் நின்றுவிடுகிறது. மேற்கே வெள்ளிமலை, தெற்கே வைகாவூர், வடக்கே தலைமலை. இந்த நாலு எல்லைக்குள் எங்கே தேடினாலும் ஒரு கைப்பிடி கடல் மணல் தேறாது. சேர, சோழ, பாண்டியருக்கு ஆளுக்கொரு துறைமுகம் வாய்த்தது. கொங்குக்கு வாய்த்தது பாலக்காட்டுக் கணவாய்.

அந்தக் கணவாய் வழியே கடல் தன் சரக்கை மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தது. கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் 1842-லும் 1891-லும் புதையலாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகள் அதற்குச் சாட்சி. நொய்யல் கரைக் கொடுமணலில் கல்மணி அறுத்துப் பட்டை தீட்டியவர்கள் மேற்குக் கடற்கரைக்குப் போகும் வணிகர்களுக்காகவும்தான் வேலை செய்தார்கள். எட்டிமடைப் பக்கம் மலையடிவாரத்தில் ‘ராஜகேசரிப் பெருவழி’ என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிற சாலையும் அந்தத் திசையில்தான் போகிறது. வியாபாரி போனான், பொதிமாடு போனது, உப்பு வந்தது. சாமானியக் குடியானவன் மட்டும் கடலைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற எண்ணமும் அவனுக்கு வந்ததாகத் தெரியவில்லை.

வந்தால் அது தீர்த்தமாடுவதற்காக இருக்கும். ராமேசுவரம், திருச்செந்தூர், வேதாரண்யம் என்று ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ வண்டி கட்டிப் போய், முங்கி எழுந்து, திதி கொடுத்துவிட்டுத் திரும்புவார்கள். அங்கே கடல் என்பது குளிக்கும் இடம். கரையில் சும்மா உட்கார்ந்து அலையை வேடிக்கை பார்ப்பது என்கிற பழக்கம் கொங்கு நாட்டுக்கு வெகு பின்னால், ரயில் ஏறி, சென்னப்பட்டணத்திலிருந்து வந்து சேர்ந்தது.

கோயம்புத்தூருக்குக் கிட்டத்துக் கடல் சென்னையில் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பொன்னானியும் கோழிக்கோடும் கொச்சியும் கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். சென்னையோ ரயிலில் ஏறக்குறைய 500 கிலோமீட்டர். இருந்தும் ‘பட்டணம் பார்க்கப் போறோம்’ என்று ஒரு கொங்குக் குடும்பம் சொன்னால் அது சென்னையைத்தான் குறித்தது. 1799-ல் திப்பு வீழ்ந்ததும் கோவைச் சீமை கும்பினியார் கைக்குப் போயிற்று; அதன்பின் வரி, வழக்கு, வைத்தியம், உத்தியோகம் எல்லாவற்றுக்கும் தலைவாசல் சென்னைதான். கிட்டத்துக் கடலை விட்டுவிட்டு அரசாங்கம் இருந்த கடலுக்குப் போனார்கள்.

ரயிலுக்கு முன்னால் அது பெரும்பாடு. மாட்டு வண்டியில் சத்திரம் சத்திரமாகத் தங்கிப் போனால் வாரக்கணக்கில் ஆகும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில், ஆறே ஆண்டில் சேலம், ஈரோடு, போத்தனூர் தாண்டி மலபாரின் பேப்பூர்ப் பாதையோடு இணைந்தது. 1862-ல் கோவைக்காரருக்கு ரயில் என்றால் போத்தனூர்தான். ஊருக்குள் தண்டவாளம் வந்தது 1873-ல், மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப் பாதை போட்டபோது. அதே 1873-ல்தான் சென்னையில் சென்ட்ரல் நிலையமும் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் ராயபுரத்துக்கு இளையதாக இருந்த சென்ட்ரல் 1907-க்குப் பிறகு மேற்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும் வண்டிகளின் தலைமை நிலையமாகிவிட்டது. தஞ்சாவூர், மதுரைப் பக்கத்து மீட்டர் கேஜ்காரர்கள் எழும்பூரில் இறங்க, அகலப் பாதைக் கொங்குக்காரர்கள் சென்ட்ரலில் இறங்கினார்கள்.

இந்த ஒரு விஷயம்தான் அடுத்த நூறாண்டுக்குக் கொங்கு நாட்டுக்காரர் கண்ட சென்னை எது என்பதைத் தீர்மானித்தது. எந்தக் கையேடும் அச்சடித்துக் கொடுக்கவில்லை. சென்ட்ரல் வாசலிலிருந்து காலால் நடந்து போகக்கூடியவை எல்லாம் ‘பார்க்க வேண்டிய இடங்கள்’ ஆயின. நடக்க முடியாதவை இரண்டாம் நாளுக்குத் தள்ளிப்போயின.

முதலில் வந்தவர்கள் ஊர் பார்க்க வந்தவர்களும் இல்லை. பூமித் தகராறு ஜில்லா கோர்ட்டில் தோற்று ஹைகோர்ட்டுக்குப் போனால் வக்கீலைப் பார்க்க வர வேண்டும். உள்ளூர் வைத்தியம் கைவிட்டால் பெரியாஸ்பத்திரி. அதுவும் சென்ட்ரலுக்கு நேர் எதிரே. பஞ்சு யாபாரம், மில்லுக்கு மெஷின், சர்க்கார் ஆபீசில் மனு என்று பிற்பாடு காரணங்கள் பெருகின. வாய்தா தள்ளிப்போய் ஒரு நாள் சும்மா கிடைத்தால் அந்த ஒரு நாளில் பார்த்ததை ஊருக்குப் போய் ஒரு வருஷம் சொல்லலாம். திண்ணையில் கேட்டவர்கள் அடுத்த முறை வழக்கு இல்லாமலே கிளம்பினார்கள்.

தங்குவதற்கு இடம் தேட வேண்டியதில்லை. நிலையத்துக்கு எதிரிலேயே ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் 1888-ல் கட்டிய சத்திரம் இருந்தது. மூட்டையை அங்கே போட்டுவிட்டு, பல் துலக்கி, கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டால் ஊர் பார்க்கத் தயார். கட்டுச்சோறு என்றால் இரண்டு நாள் தாங்கும் புளிச்சோறு, கூடவே கச்சாயம், முறுக்கு. வாழை மட்டையில் கட்டினால் மறுநாளும் கெடாது. தண்ணீர் மட்டும்தான் தகராறு. ஆத்துத் தண்ணியும் கிணத்துத் தண்ணியும் குடித்து வளர்ந்தவர்களுக்கு, அதிலும் 1930-க்குப் பிறகு சிறுவாணித் தண்ணீர் ருசி கண்ட கோவை நகரத்தாருக்கு, பட்டணத்துக் குழாய்த் தண்ணீர் தொண்டையில் இறங்கவில்லை. சென்னையைப் பற்றிய கொங்கு நாட்டுக் குறைகளில் முதலாவது தண்ணீர், இரண்டாவது புழுக்கம், மூன்றாவது கூவம். நிலையத்தை விட்டு வெளியே வந்ததுமே மூன்றும் வரவேற்றன.

சத்திரத்திலிருந்து சாலையைக் கடந்தால் பீப்பிள்ஸ் பார்க். கவர்னர் டிரெவெல்யான் காலத்தில், 1860-ஐ ஒட்டி உருவானது. 116 ஏக்கர், குளங்கள், வண்டிப் பாதைகள், பேண்டு வாசிக்க மேடை. அதற்குள்ளேதான் மிருகக் காட்சிசாலை. இதன் கதை கொஞ்சம் வேடிக்கையானது. எட்வர்டு பால்ஃபர் என்கிற ராணுவ மருத்துவர் 1851-ல் சென்னை அருங்காட்சியகத்தைத் தொடங்கியபோது அது நுங்கம்பாக்கத்தில் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில் இருந்தது. உயிருள்ள விலங்குகளையும் சேர்த்துக் காட்டினால் கூட்டம் கூடுகிறது என்று அவர் கண்டுகொண்டார். ஆர்க்காட்டு நவாபிடம் பேசி அவர் வளர்த்த மிருகங்களை வாங்கி 1855-ல் காட்சிசாலை வைத்தார். பாடம் செய்த மிருகமும் பாடம் செய்யாத மிருகமும் ஒரே வளாகத்தில் இருந்தன. சில ஆண்டில் உயிருள்ளவை பீப்பிள்ஸ் பார்க்குக்குக் குடிபெயர, மற்றவை எழும்பூர் பாந்தியன் சாலைக்கு மாறியிருந்த அருங்காட்சியகத்திலேயே தங்கின. கல்லூரிக் கட்டடத்தில் பிறந்த பெயர் ஒட்டிக்கொண்டு, ஒன்று ‘உயிர்க் காலேஜ்’, மற்றது ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. பள்ளிக்கூடம் மிதிக்காத கிழவியும் பட்டணம் போய்த் திரும்பியதும் ரெண்டு காலேஜும் பார்த்தாச்சு என்று கெத்தாகச் சொல்லிக்கொள்ளலாம்.

உயிர்க் காலேஜில் கொங்குக்காரருக்கு எது ஆச்சரியம்? யானை இல்லை, ஆனைமலையும் சிறுவாணிக் காடும் பக்கத்தில் இருப்பவர்களுக்கு யானை விருந்தாளி, சில சமயம் வேண்டாத விருந்தாளி. புலியும் சிறுத்தையும் பேச்சில் பழகியவை. சிங்கம்தான் வியப்பு. கோயில் தூணிலும் தேர்ச் சிற்பத்திலும் மட்டுமே பார்த்த மிருகம் கூண்டுக்குள் கொட்டாவி விடுவதை நின்று பார்த்தார்கள். குடியானவர்கள் ஒவ்வொரு மிருகத்தையும் தீனிக் கணக்கு வைத்துத்தான் பார்த்தார்கள். ‘ஏனுங் மாமா, இதுக்கு ஒரு நாளைக்கு எத்தன கட்டுத் தட்டு போடோணும்?’ என்ற கேள்வியில் வியப்போடு அனுதாபமும் உண்டு, யாருடைய பணம் இது என்ற கவலையும் உண்டு.

பார்க்குக்கு ஒட்டினாற்போல மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரில் 1898-ல் கல் நட்டு 1900-ல் திறந்தது. செங்கல் சிவப்பில், வளைவு வளைவாக, நடுவே முற்றம். பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ், வெள்ளெலி, கண்ணாடிச் சாமான், சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை. கிடைக்காதது எதுவும் இல்லை என்பது பெருமை. கேட்ட விலை எதுவும் நிஜமில்லை என்பது எச்சரிக்கை. பத்து ரூபாய் சொன்னால் இரண்டு ரூபாய்க்குக் கேள் என்று ஊரிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவிநாசித் தேர்க்கடையிலும் கண்ணபுரம் மாட்டுச் சந்தையிலும் பேரம் படித்தவர்களுக்கு இது புதிதில்லைதான். ஆனால் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்து முடிக்கிற பேரம் வேறு. சத்தம் போட்டு, சாமானைத் திருப்பி வாங்காமல், போகிறவரைக் கையைப் பிடித்து இழுக்கிற பேரம் வேறு. கொங்குப் பேச்சின் ‘ங்க’ சேர்ந்த மரியாதை அந்த இடத்தில் பலவீனமாயிற்று. ‘வேண்டாமுங்க’ என்று சொல்லும் வாயைப் பார்த்தே கடைக்காரர் ஆளைக் கணித்துவிடுவார்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் கூட்டம் திமிங்கில எலும்புக்கூட்டுக்கு அடியில்தான் நிற்கும். அமராவதிச் சிற்பங்களையும் திருவாலங்காட்டு நடராசரையும் கும்பிட்டபடி நகர்ந்துவிடுவார்கள். ஆனால் அங்கே நாணயப் பிரிவில் கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்து போன ரோமானியக் காசுகளும் இருந்தன. 1894-ல் எட்கர் தர்ஸ்டன் வெளியிட்ட அட்டவணையில் வெள்ளலூர்க் காசுகளும் இடம் பெற்றன. கடல் கடந்து கொங்குக்கு வந்த காசு, மறுபடி கடற்கரை ஊருக்கே போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்தது. அதை அடையாளம் கண்டுகொண்ட கொங்குப் பயணிகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விரல் விட்டு எண்ணிவிடலாம் என்றே தோன்றுகிறது.

ஹைகோர்ட்டு வேலையாக வந்தவர்களுக்குத் தனியாக ஒரு சலுகை இருந்தது. 1892-ல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தின் உச்சிக் கோபுரத்தில் 1894 முதல் கலங்கரை விளக்கம் எரிந்தது. வழக்குக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, அப்படியே கிழக்குப் பக்கச் சுற்றுச்சுவரில் எம்டன் குண்டு விழுந்த இடத்தையும் பார்த்துவிடுவார்கள். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கடலே இல்லாத ஊர்களிலும் பிறகு கெட்டிக்காரப் பையனை ‘அவன் எம்டன்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

போகும் வழியே வேடிக்கையாக இருந்த காலமும் உண்டு. 1895-ல் ஓடத் தொடங்கிய மின்சார டிராம் 1953 வரை ஓடியது. கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயில் 1931 மே மாதம் வந்தது. புகையும் இல்லை, கரியும் இல்லை. அப்போது கொங்கு நாட்டில் பைக்காரா மின்சாரம் இன்னும் வந்து சேரவில்லை; ஓரிரு ஆண்டு கழித்து அது வந்ததும் கோவையில் மில்லுகள் மளமளவென்று எழும்பின. கமலைக்குப் பதில் மோட்டார் வைக்க ஆசைப்பட்ட தோட்டக்காரர்கள் தாம்பரம் வரை போய்த் திரும்பியதில் பொழுதுபோக்கை விடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்திருக்கும். கை ரிக்‌ஷா மட்டும் பலருக்குக் கூசியது. மாடு இழுக்கும் வண்டியில் ஏறிப் பழகியவர்கள் மனிதன் இழுக்கும் வண்டியில் ஏற யோசித்தார்கள். 1973-ல் அரசு அதை ஒழித்தது.

சாயந்தரம் கடற்கரை. மெரினா இயற்கையாக அமைந்த அகலக் கரை என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் 1870-களின் நடுவில் துறைமுகத்துக்குக் கடலுக்குள் சுவர் எழுப்பத் தொடங்கியதும் தெற்கேயிருந்து நகர்ந்து வந்த மணல் அதில் தடுபட்டுத் தென்பக்கம் சேர்ந்துகொண்டே போனது. அதற்கு முன் அலை சாலைக்குப் பக்கத்திலேயே அடித்தது. வடக்கே மணல் வரத்து நின்றுபோய் ராயபுரம் பக்கம் கரை அரித்தது. ஒரு பக்கத்து நஷ்டத்தில் மறுபக்கத்துக்குக் கிடைத்த மணல் மேடு இது. கவர்னர் கிராண்ட் டஃப் 1884-ல் நடைபாதை போட்டு, இத்தாலிய நினைவில் ‘மெரினா’ என்று பெயர் வைத்தார். 1909-ல் அங்கே மீன் காட்சிசாலையும் வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அது மூடப்பட்டது. கெண்டையும் அயிரையும் மட்டும் அறிந்தவர்கள் கண்ணாடித் தொட்டிக்குள் கடல் பாம்பைப் பார்த்த இடம் அது.

கடலை முதல் முறை பார்ப்பவரின் முகம் எப்படி மாறும் என்பதை மெரினா சுண்டல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். கொங்குப் பெண்கள் முதலில் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் காலை நனைத்தார்கள். தீர்த்தப் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. பிறகு உள்ளங்கையில் எடுத்து நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ‘நெசமாலுமே உப்புங்கொ!’ ஒரு பாட்டிலில் கடல் தண்ணீர், மடியில் கிளிஞ்சல், பிள்ளைகளுக்குச் சோழி மாலை. ஆண்களுக்கு இன்னொரு ஆபத்து காத்திருந்தது. கொங்கு நாட்டுப் பையன்கள் நல்ல நீச்சல்காரர்கள், ஆனால் கிணற்று நீச்சல்காரர்கள். எண்பதடிக் கிணற்றில் மதில்மேலிருந்து குதித்து அடி மண் எடுத்து வருகிறவனுக்கு இடுப்பளவு அலை ஒரு பொருட்டாகத் தெரியாது. கிணற்றுத் தண்ணீர் யாரையும் உள்ளே இழுப்பதில்லை, மெரினா இழுக்கும். மீனவர்கள் கரையில் நின்று கத்தி அழைத்துக் காப்பாற்றியவர்களில் இப்படிப்பட்ட வீரர்கள் நிறைய.

காணும் பொங்கலன்று மெரினா நிரம்பி வழியும். அந்தக் கூட்டத்தில் செங்கல்பட்டு, வட ஆர்க்காட்டுக்காரர்களைப் பார்க்கலாம், கொங்குக்காரர்கள் அருமை. தை மாதத்தில் அவர்களுக்கு ஊரிலேயே வேலை. பட்டிப் பொங்கல் வைத்து மாட்டைக் கொண்டாடுகிற சமயத்தில் மாட்டை விட்டு யார் கிளம்புவது? கொங்கு நாட்டுப் பயணம் எப்போதும் மாட்டைக் கேட்டுத்தான் முடிவாகும். எருமையைக் கறக்க ஆள் வேண்டும், கோழி அடைக்க ஆள் வேண்டும். அதனால் முழுக் குடும்பமும் சேர்ந்து போன பயணங்கள் குறைவு. அப்பாரும் மூத்த பேரனும் ஒரு வருஷம், ஆத்தாளும் மருமகளும் இன்னொரு வருஷம் என்று முறை போட்டுப் போனார்கள். மில் தொழிலாளிக்கு இந்தத் தொல்லை இல்லை. தீபாவளி போனஸ் கைக்கு வந்தால் நீலகிரி எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, ராத்திரி கோவை, திருப்பூர், ஈரோடு என்று ஆள் ஏற்றிக்கொண்டு விடியற்காலை சென்ட்ரலில் கொண்டு விடும் அந்த வண்டி ஓர் அறை வாடகையையும் மிச்சப்படுத்தியது. 1977-ல் பகல் வண்டியாகக் கோவை எக்ஸ்பிரஸ் வந்தது. பொள்ளாச்சிக்காரர்கள் மட்டும் மீட்டர் கேஜில் போத்தனூர் வந்து, மூட்டை முடிச்சோடு வண்டி மாறினார்கள்.

பயணிகளின் பட்டியலைச் சினிமா மாற்றியது. இதில் கோவைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. கோவையில் பிறந்த சாமிக்கண்ணு வின்சென்ட் ரயில்வே வேலையை விட்டு, 1905-ல் டூபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியை வாங்கினார். ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டினார், சென்னை எஸ்பிளனேடிலும் காட்டினார். பட்டணத்துக்காரர்கள் காசு கொடுத்து ஒரு கோயம்புத்தூர்க்காரரின் கூடாரத்துக்குள் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள் என்பது நினைக்கவே இனிக்கும் காட்சி. 1914-ல் அவர் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். பிறகு சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று கோவையே படமெடுக்கும் ஊராக இருந்தது. எம்.ஜி.ஆரின் ‘மலைக்கள்ளன்’ (1954) பட்சிராஜாவின் படம். ஆனால் ஆட்டம் கோடம்பாக்கத்துக்கு மாறியது. ஐம்பதுகளுக்குப் பிறகு படங்களில் கிராமத்து நாயகன் சென்ட்ரலில் டிரங்குப் பெட்டியோடு இறங்குவான். அடுத்த காட்சியில் எல்.ஐ.சி. கட்டடம். கொட்டகையில் இதைப் பத்துத் தடவை பார்த்தவர்கள் பட்டணம் போனதும் அதே வரிசையில் தேடினார்கள்.

எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்டில் திறந்தது. 14 மாடி. அண்ணாசாலையில் எதிர்ப் பக்கம் நின்று, துண்டைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, விரலால் ஒன்று இரண்டு என்று எண்ணுவது ஒரு சடங்காகவே ஆகியிருந்தது. எண்ணும்போது கழுத்துப் பிடித்துக்கொண்டால் அது ஊரில் சொல்ல இன்னொரு கதை. கோடம்பாக்கத்தில் ஏவி.எம். வாசல், ராமாவரத்தில் எம்.ஜி.ஆர். தோட்டம் என்று பட்டியல் தெற்கே நீண்டது. நடிகரைப் பார்க்க முடியாவிட்டால் கதவைப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

கடற்கரையும் தன் பங்குக்கு வேடம் மாற்றிக்கொண்டது. 1968 ஜனவரியில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது வள்ளுவர், ஔவை, கண்ணகி, கம்பர், பாரதி, போப் என்று சிலைகள் வரிசையாக எழுந்தன. உழைப்பாளர் சிலை 1959-லேயே இருந்தது. மாநாட்டுக்கு அடுத்த ஆண்டு அண்ணா சமாதி. அதுவரை காற்று வாங்கும் இடமாக இருந்த மெரினா அரசியல் யாத்திரைத் தலமாயிற்று. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்த பிறகு இது உச்சத்துக்குப் போனது. கையில் கட்டியிருந்த கடிகாரத்தோடு அவரை அடக்கம் செய்தார்கள் என்றும் அது இன்னும் ஓடுகிறது என்றும் பேச்சு பரவியது. சலவைக் கல்லில் காதை வைத்துக் கேட்க வரிசை நின்றது. பெருந்துறைப் பக்கத்து மூதாட்டியோ, கோபிப் பக்கத்து விவசாயியோ, மண்டி போட்டு, கன்னம் கல்லில் பதிய, ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதால் கேட்பார்கள். எழுந்ததும் ‘கேக்குதுங்’ என்பார்கள். கேட்கவில்லை என்று சொன்னவரைப் பார்ப்பது அரிது. இன்றும் அந்தக் கல்லில் காது வைப்பவர்கள் உண்டு.

மெரினாவின் புதிய கலங்கரை விளக்கம் 1977-ல் வந்தது, லிஃப்ட் வசதியோடு. மேலேறிப் பார்க்கலாம் என்று கொஞ்ச காலம் விட்டிருந்தவர்கள் 1991-ல் பாதுகாப்புக் காரணத்துக்காக மூடினார்கள். மறுபடி திறந்தது 2013 நவம்பரில். இடையில் வந்துபோன ஒரு தலைமுறை அதைக் கீழே நின்றுதான் பார்த்தது.

சென்ட்ரலைச் சுற்றிய அந்தப் பழைய பட்டணம் முடிந்துபோன ஆண்டு 1985. அந்த மே 30 அன்று மூர் மார்க்கெட் தீப்பிடித்தது. புத்தகம், பொம்மை, கூண்டுப் பறவைகள் எல்லாம் போயின. இடிபாட்டைச் சரிசெய்து பழையபடி எழுப்பலாம் என்ற குரல்கள் எடுபடவில்லை. அந்த இடத்தில் புறநகர் ரயில்களுக்கான நிலையக் கட்டடம் எழுந்தது. பெயரை மட்டும் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்று விட்டுவைத்தார்கள். தீப்பிடித்து இரண்டு மாதம் ஆவதற்குள், ஜூலை 24 அன்று, வண்டலூர்க் காட்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். நெரிசலும் இரைச்சலும் தாங்காமல் உயிர்க் காலேஜை அங்கே மாற்றுவதென்று 1970-களிலேயே முடிவாகியிருந்தது. விலங்குகளுக்கு அது நல்ல காலம். 1,200 ஏக்கருக்கு மேல் இடம், கூண்டுக்குப் பதில் அகழி. சென்ட்ரலில் இறங்கிய பயணிக்கோ சிங்கம் முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. பீப்பிள்ஸ் பார்க்கில் மிச்சமிருந்த திறந்தவெளியையும் கட்டடங்களும் விளையாட்டரங்கமும் எடுத்துக்கொண்டன.

இதற்குள் பஸ்களின் காலம் வந்திருந்தது. 1931-ல் பொள்ளாச்சியில் நாச்சிமுத்துக் கவுண்டர் தொடங்கிய ஆனைமலை பஸ் டிரான்ஸ்போர்ட் போன்ற கம்பெனிகளும், எழுபதுகளில் வந்த சேரன் போக்குவரத்துக் கழகமும் சாலைப் பயணத்தைப் பழக்கிவிட்டிருந்தன. ஊரே சேர்ந்து ஒரு டூரிஸ்ட் பஸ் பிடிக்கலாம். மாதாமாதம் சீட்டுப் போல ஆளுக்கு இவ்வளவு என்று கட்டி வருவார்கள். சமையல்காரரும் பாத்திரமும் பஸ்ஸின் மேல். பள்ளிக்கூடச் சுற்றுலாவும் அப்படித்தான். இவர்களுக்கு சென்ட்ரல் ஒரு பொருட்டே இல்லை. மகாபலிபுரம், முதலைப் பண்ணை, வி.ஜி.பி., வண்டலூர், கிண்டிப் பாம்புப் பண்ணை, வள்ளுவர் கோட்டம், 1988-க்குப் பிறகு பிர்லா கோளரங்கம், கடைசியாக மெரினா. வி.ஜி.பி.யில் அசையாமல் நிற்கும் ‘சிலை மனிதரை’ச் சிரிக்க வைத்துவிடுவதாகப் பந்தயம் கட்டித் தோற்காத பையன் எந்தப் பள்ளியிலும் இல்லை. மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதைப் பார்க்கவும் பஸ்ஸை நிறுத்துவார்கள்.

பழைய பயணத்தில் இரண்டு நாள் ஒரே வட்டாரத்தில் நடந்து பார்த்தார்கள். பஸ் பயணத்தில் ஒரே நாளில் பத்து இடம் இறங்கி ஏறினார்கள். நின்று பார்க்கிற நேரம் குறைந்து எண்ணிக்கை கூடியது. பழையவர்கள் ஊர் திரும்பி வருஷக்கணக்கில் சொன்ன கதைகளின் அளவுக்கு இவர்களிடம் கதை இல்லாததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்று கொங்கு நாட்டுப் பிள்ளைக்குக் கடல் புதிதில்லை. மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டரில் செயற்கை அலைக் குளமே இருக்கிறது. உப்பில்லாத அலை, இழுத்துக்கொண்டு போகாத அலை. கோவையில் வ.உ.சி. பூங்காவில் இருந்த சிறிய உயிரியல் பூங்கா 2022-ல் மத்திய ஆணையத்தின் அங்கீகாரத்தை இழந்தது. விலங்கு பார்க்க வேண்டுமானால் மறுபடி வண்டலூர்தான். 2023 ஏப்ரலில் வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின் கோவையில் காலையில் ஏறினால் மதியத்துக்குள் சென்ட்ரல். இறங்கியவர்கள் நகரும் படியில் மெட்ரோவுக்குப் போய்விடுகிறார்கள். உயிர்க் காலேஜும் மூர் மார்க்கெட்டும் இருந்த இடங்கள் அவர்கள் தலைக்கு மேலே எங்கோ இருக்கின்றன.

பஸ்ஸில் போகிறவர்களின் நிலை வேறு. 2023 டிசம்பரில் திறந்த கிளாம்பாக்கம் பேருந்து முனையம் நகரத்துக்கு வெகு வெளியே இருக்கிறது, மெரினாவுக்கு இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும் என்று இறங்குகிறவர்கள் எல்லாம் அலுத்துக்கொள்கிறார்கள். சேலம், உளுந்தூர்ப்பேட்டை வழியாக ராத்திரி முழுக்கப் பயணம் செய்து விடியற்காலை அங்கே இறங்கும் கோவைக் குடும்பத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிற ஒரே காட்சி வண்டலூர் உயிரியல் பூங்கா. காலை ஒன்பது மணிக்குத்தான் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.